வாஞ்சூருக்கு இப்பால் ஒரு விலை

காரைக்காலில் ஓடும் ஒரு காரைப் புதுச்சேரியில் இருப்பவருக்கு விற்றால் அது உள்ளூர் விற்பனை. நடுவே தமிழ்நாட்டு மாவட்டங்களைக் கடந்து சுமார் 130 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனாலும் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு இரண்டும் ஒரே ஆட்சிப்பகுதி. அதே காரை வாஞ்சூர் எல்லைக்கு அப்பால் நாகூரில் இருப்பவருக்கு விற்றால் அது வெளிமாநில விற்பனை ஆகிவிடுகிறது. வாஞ்சூரிலிருந்து நாகூருக்கு நடந்தே போய்விடலாம். வடக்கே பூவத்தைத் தாண்டித் தரங்கம்பாடிப் பக்கம் போனாலும், மேற்கே அம்பகரத்தூரைத் தாண்டித் திருவாரூர் மாவட்டத்துக்குள் நுழைந்தாலும் இதே கதைதான். நான்காவது பக்கம் கடல்.

காரைக்கால் சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 2 லட்சம் மக்கள். 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே காலூன்றியதால் வந்த எல்லை இது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த பிறகும் எல்லை அழியவில்லை. பெட்ரோல் விலையிலும் மதுக்கடையிலும் அது தெரிவதை எல்லோரும் அறிவார்கள். பழைய கார் விலையில் அது எவ்வளவு ஆழமாக வேலை செய்கிறது என்பதை, விற்க நிற்கும் நாள்வரை பெரும்பாலோர் யோசித்துப் பார்ப்பதில்லை.

என் வாதம் இதுதான்: காரைக்காலின் பி.ஒய். 02 பதிவெண் கொண்ட காருக்கு ஒற்றை மதிப்பு கிடையாது. வாங்குபவர் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்த பிறகுதான் கணக்கே தொடங்கும். கைப்பேசியில் நான்கு கேள்விக்கு விடை கொடுத்ததும் திரையில் வரும் தொகையை வேதவாக்காக நம்பி விற்பவர்கள், பல நேரம் வேறொரு ஊரின் விலைக்குத் தங்கள் வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ மருத்துவமனைச் செலவுக்கோ காரை விற்கும் குடும்பத்துக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

பழைய கார் சந்தை ஏன் இவ்வளவு கலங்கலாக இருக்கிறது என்பதற்குப் பொருளியலில் ஒரு பெயர்பெற்ற விளக்கம் உண்டு. அமெரிக்கரான ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை. நான்காவதாக ‘குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்’ ஏற்றுக்கொண்டது. 2001-இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ளும் அளவுக்கு அந்தச் சிந்தனை அவரைக் கொண்டுபோயிற்று. அவர் எடுத்துக்கொண்ட முதல் உதாரணமே பழைய கார்தான். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எது நல்லது, எது மட்டம் என்று பிரித்தறிய முடியாதவர் எல்லாவற்றுக்கும் ஒரு நடுத்தர விலையைத்தான் சொல்வார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது; அவர் விற்காமல் ஒதுங்கிவிடுவார். அவர் ஒதுங்கியதும் சந்தையில் மிஞ்சுபவற்றின் தரம் இறங்கும், அதைப் பார்த்து விலையும் இறங்கும், இன்னும் சில நல்ல வண்டிகள் ஒதுங்கும்.

அந்தக் கட்டுரையில் இந்தியாவும் வருகிறது. அரிசியின் நிறத்திலும் வடிவத்திலும் உள்ள கற்களை வேண்டுமென்றே கலந்து விற்பதால், கடைத்தெருவில் வாங்கிய அரிசியை இந்தியக் குடும்பப் பெண் கல் பொறுக்கித்தான் உலை வைக்க வேண்டியிருக்கிறது என்கிறார். நெல் விளையும் டெல்டாவில் இதற்கு விளக்கம் வேண்டாம்.

அக்கர்லாஃப் சொன்ன அறியாமைக்குச் சின்ன ஊரில் ஒரு மாற்று இருக்கிறது. நிரவியில் ஓர் ஆசிரியை ஒன்பது ஆண்டு ஓட்டிய வண்டி என்றால், அதைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் யார் என்பது கோட்டுச்சேரியில் இருப்பவருக்கும் தெரிந்திருக்கும். எங்கே இடித்தது, எப்போது கிளட்ச் மாற்றினார்கள் என்று இரண்டு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம். அதனால் உள்ளூர்க்காரர் அந்த வண்டிக்குக் கொஞ்சம் கூடவே கொடுப்பார். கும்பகோணத்திலிருந்து வருபவருக்கு அந்த ஆசிரியையும் தெரியாது, மெக்கானிக்கும் தெரியாது. அவர் கண்ணில் அது நூற்றில் ஒரு வெள்ளைக் கார். ஆக, வரியைப் போலவே நம்பிக்கையும் எல்லையோரம் நின்றுவிடுகிறது.

விலைப் புத்தகம் என்று ஒன்று இல்லையா என்று கேட்கலாம். அமெரிக்காவில் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் கார் வியாபாரம் செய்த லெஸ் கெல்லி 1926-இல் வெளியிட்ட ‘புளூ புக்’, அந்த நாட்டில் வங்கிகளும் வியாபாரிகளும் எடுத்துப் பார்க்கும் நூலாயிற்று. இந்தியாவில் அந்தப் பழக்கம் தாமதமாகவே வந்தது. மாருதி 2001-இல் ‘ட்ரூ வேல்யூ’ கடைகளைத் தொடங்கியது. மஹிந்திராவின் ‘ஃபர்ஸ்ட் சாய்ஸ்’ நிறுவனம் ‘இந்தியன் புளூ புக்’ என்ற விலை மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. ட்ரூம் நிறுவனம் ‘ஆரஞ்சு புக் வேல்யூ’வைக் கொண்டுவந்தது. 2015-இல் கார்ஸ்24, ஸ்பின்னி போன்றவை பிறந்தன. இவை பயனுள்ளவை, தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் எந்தக் கணிப்பும் தனக்குக் கிடைத்த விற்பனைகளைக் கொண்டே கற்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆண்டின், ஒரு குறிப்பிட்ட ரகத்துக் கார், சென்னையில் வாரந்தோறும் கைமாறும். காரைக்காலில் அதே கார் ஓர் ஆண்டில் ஒன்றோ இரண்டோ கைமாறினால் பெரிது. அந்த ஒன்றிரண்டை வைத்து எந்தக் கணிதமும் சராசரி கட்ட முடியாது. சென்னையின் விலையைத்தான் நமக்கும் நீட்டும்.

இன்னொரு எண்ணையும் பலர் நம்புகிறார்கள்: இன்சூரன்ஸ் பாலிசியில் அச்சான ஐ.டி.வி. தொகை. கார் திருடுபோனாலோ முற்றாகச் சேதமானாலோ கம்பெனி தர ஒப்புக்கொண்ட உச்சத் தொகை அது. தயாரிப்பாளர் அறிவித்திருக்கும் விலையிலிருந்து வயதுக்கேற்ற கழிவு: ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50. அதற்குப் பிறகு கம்பெனியும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. மோட்டார் நன்றாக இருக்கிறதா, டிங்கரிங் பார்த்த வண்டியா என்று இந்தக் கழிவுக்குத் தெரியாது. ஐந்தாண்டு தாண்டிய காருக்குக் கொஞ்சம் பிரீமியம் கூடக் கட்டி ஐ.டி.வி.யை உயர்த்திக்கொள்பவர்களும் உண்டு. விலை பேசும்போது அதை ஆதாரமாகக் காட்டினால் வாங்குபவர் அசர வேண்டியதில்லை. குறைவாக இருந்தால் விற்பவரும் தளர வேண்டியதில்லை.

இனி எல்லைக் கணக்கு. கட்டுரையின் நடுக்கம்பம் இதுதான் என்பதால் நிதானமாகவே பார்ப்போம்.

தமிழ்நாட்டில் புதிய காருக்கான ஆயுள்கால வரி 2023 நவம்பரில் உயர்ந்தது: 5 லட்சம் ரூபாய் வரையுள்ள காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் வரி இதைவிட நன்றாகவே குறைவு. குறைந்த வரி கட்டிய கார் தமிழ்நாட்டுக்குப் போய் அங்கேயே தங்கினால், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் பழைய எண்ணில் ஓடக் கூடாது; மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு மறுபதிவு கேட்கிறது. அப்போது காரின் வயதைப் பொறுத்துக் குறையும் விகிதத்தில் தமிழ்நாட்டு வரியைக் கட்டியாக வேண்டும். அதற்கு முன்னால் காரைக்கால் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து 28-ஆம் படிவத்தில் என்.ஓ.சி. என்ற தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். ஃபைனான்ஸ் இருந்தால் 35-ஆம் படிவம் வாங்கி ஹெச்.பி. என்ற கடன் குறிப்பைக் கேன்சல் செய்ய வேண்டும். அபராதம் நிலுவையில் இருந்தால் அதையும் தீர்த்தாக வேண்டும்.

ஒரு கணக்குக்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். இவை உதாரண எண்கள் மட்டுமே. தமிழ்நாட்டு எண் கொண்ட ஒரு பெட்ரோல் காருக்கு மயிலாடுதுறையில் 4,50,000 ரூபாய் கிடைக்கிறது. அதே ஆண்டு, அதே ரகம், அதே நிலையில் பி.ஒய். 02 கார் ஒன்று காரைக்காலில் நிற்கிறது. மயிலாடுதுறைக்காரர் இதை வாங்கினால் தமிழ்நாட்டு வரி, என்.ஓ.சி., மறுபதிவு, அலைச்சல் எல்லாம் சேர்த்து 50,000 ஆகும் என்றால், அவர் தரக்கூடியது அதிகபட்சம் 4,00,000. இதைக் கேட்டதும் நம் ஆள் சோர்ந்துவிடுகிறார்: பி.ஒய். வண்டி என்றாலே மதிப்பில்லை என்று எண்ணிக் கொடுத்துவிடுகிறார்.

அதே கணக்கை மறுபக்கத்திலிருந்து போட்டுப் பாருங்கள். காரைக்காலில் ஒருவருக்கு இந்த ரகக் கார் வேண்டும். உள்ளூரில் கிடைக்காவிட்டால் மயிலாடுதுறைக்குப் போய் 4,50,000 கொடுத்து வாங்கி, அங்கிருந்து என்.ஓ.சி. எடுத்து, இங்கே வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவு 20,000 என்று கொண்டால், அவருக்கு அந்தக் கார் வீடு வந்து சேரும்போது 4,70,000 ஆகியிருக்கும். ஆகவே உள்ளூரில் பெயர் மாற்றம் மட்டுமே தேவைப்படும் வண்டிக்கு அவர் 4,70,000 வரை தரலாம். தந்தாலும் அவருக்கு நட்டம் இல்லை. ஒரே கார், எல்லைக்கு அப்பாலுள்ளவருக்கு 4,00,000, இப்பாலுள்ளவருக்கு 4,70,000 வரை. இந்த எழுபதாயிரத்துக்கு நடுவே எங்கே விலை முடியும் என்பது, விற்பவர் யாரிடம் முதலில் பேசினார் என்பதைப் பொறுத்தது. அதனால் காரைக்காலில் விற்பவர் முதலில் தேட வேண்டியது காரைக்கால், திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினத்து ஆட்களை. அடுத்ததாக 130 கிலோமீட்டர் தள்ளி வில்லியனூரிலும் புதுச்சேரி நகரிலும் இருப்பவர்களை. பக்கத்து நாகூர்க்காரர் கடைசி. நிலப்படம் சொல்லும் வரிசை வேறு, சட்டம் சொல்லும் வரிசை வேறு.

சிலர் குறுக்கு வழி சொல்வார்கள். எல்லைக்கு அப்பால் இருப்பவர் காரைக்கால் முகவரி ஒன்றைக் காட்டிப் பெயர் மாற்றிக்கொண்டு தமிழ்நாட்டிலேயே ஓட்டட்டும் என்பது அந்த யோசனை. இதன் விளைவை 2017-இல் கேரளம் பார்த்தது. அங்கே அப்போது 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 20 சதவீத வரி. திரை நட்சத்திரங்கள் உட்பட வசதியானவர்கள் பலர் புதுச்சேரி முகவரிகளில் சொகுசுக் கார்களைப் பதிந்திருப்பதாகப் புகார் எழுந்து, வழக்குகள் வரை போயிற்று. அதன் நிழல் நேர்மையாக இங்கேயே வாழ்ந்து, இங்கேயே காரைப் பதிந்தவர் மேலும் விழுந்தது. வண்டி எங்கே வழக்கமாக நிறுத்தப்படுகிறதோ, உரிமையாளர் எங்கே வசிக்கிறாரோ, அந்த மாநிலத்தில் அல்லது ஆட்சிப்பகுதியில்தான் பதிய வேண்டும் என்கிறது சட்டத்தின் 40-ஆவது பிரிவு. பொய் முகவரியில் விற்பதற்கு உடன்படுவது விலையைக் கூட்டும் உபாயம் ஆகாது, பிற்காலத் தொல்லைக்குக் கையெழுத்துப் போடுவது.

இனி கடலுக்கு வருவோம். இணைய மதிப்பீடுகள் ஆண்டு கேட்கும், கிலோமீட்டர் கேட்கும், எத்தனையாவது ஓனர் என்று கேட்கும். கார் கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றது என்று கேட்காது. காரைக்கால் விலையில் இந்தக் கேள்வி மிக முக்கியமானது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் கடலோரச் சோதனைக்களம் வைத்து உலோகங்களை வெயிலிலும் உப்புக் காற்றிலும் விட்டு ஆராய்ந்திருக்கிறது. இந்தியாவின் அரிமான வரைபடத்தையும் தயாரித்திருக்கிறது. அலை உடைந்து தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உப்பைச் சுமந்து வருகின்றன. கரையை விட்டு உள்ளே போகப்போக அந்த உப்பின் அளவு வேகமாகக் குறைகிறது. ஆகவே காரைக்கால்மேட்டில் வீட்டு வாசலில் நின்ற காரும், சில கிலோமீட்டர் உள்ளே திருநள்ளாற்றில் ஷெட்டில் நின்ற காரும், ஒரே மாதம் ஷோரூமிலிருந்து வெளிவந்திருந்தாலும் பத்தாண்டுக்குப் பிறகு ஒரே வண்டி ஆகாது.

உப்பு மேலே தெரியும் இடத்தைக் கடைசியில்தான் தின்னும். பெயின்ட் பளபளக்கும், கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் துளைகள் அடைத்து, உள்ளிருந்து துரு கிளம்பியிருக்கும். சக்கர வளைவின் உள்மடிப்பு, ரன்னிங் போர்டுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதி, பின்பக்கச் சஸ்பென்ஷன் பூட்டும் இடம், பிரேக் குழாய்கள், சைலன்சர் இணைப்பு, பேட்டரித் தட்டு: இவற்றைப் பார்க்காமல் கடலோரக் காருக்கு விலை சொல்லக் கூடாது. புதிதாக அடியில் கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்திருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் எப்போது அடித்தார்கள் என்று கேட்க வேண்டும். விற்பதற்கு முந்தைய வாரம் அடித்தது என்றால் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதே கேள்வி. காரை ஏற்றி நிறுத்தும் மேடையுள்ள சர்வீஸ் கடையில் ஒரு மணி நேரம் செலவழிப்பதைவிட லாபமான செலவு பழைய கார் வாங்குவதில் இல்லை.

கரையோரத்தில் நிலத்தடி நீரே உப்பாக இருக்கிற தெருக்கள் பல. அந்தப் போர் தண்ணீரில் தினமும் கார் கழுவுபவர், சுத்தம் செய்கிறேன் என்று எண்ணி உப்பை ஊற்றிக்கொண்டிருக்கிறார். மீன் ஏற்றிய ஆம்னி வேன் என்றால் கேட்கவே வேண்டாம். ஐஸ் உருகி ஒழுகிய உப்புநீர் தரைத்தகட்டை ஓட்டையாக்கியிருக்கும். மேலே புது மேட் விரித்திருப்பார்கள்.

மழை வெள்ளம் வேறு வகை. 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய கார்கள் பல இன்சூரன்ஸ் கம்பெனிகளால் முழுச் சேதமாகக் கணக்கிடப்பட்டு ஏலத்தில் போய், கழுவித் துடைக்கப்பட்டு மறுபடி சாலைக்கு வந்தன. 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் அதே வேலையை மீண்டும் செய்தது. சென்னை விலையைவிட மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு சென்னை வண்டி காரைக்காலுக்கு வந்தால், சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து அதன் கடைசி முழத்தில் வண்டல் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் ஈர வாடை, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு என இவையெல்லாம் பேசும்.

காரைக்காலுக்கே உரிய இன்னொரு வகை வண்டி உண்டு. பிரான்ஸில் குடியிருக்கும் பிள்ளைகள், பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் சொல்தா குடும்பங்கள் ஆகியோரின் வீடுகளில் ஊருக்கு வரும் மாதங்களில் மட்டும் ஓடும் கார். எட்டாண்டில் 15,000, 18,000 கிலோமீட்டர்தான் காட்டும். சிங்கிள் ஓனர், ஷோரூம் ரெக்கார்டு. புரோக்கர்கள் இந்த வண்டிக்கு அதிக விலை சொல்வார்கள், மீட்டரும் பொய் சொல்லாது. ஆனால் ஓடாமல் நிற்பதும் வண்டிக்கு ஒரு நோய்தான். ரப்பர் குழாய்களும் பெல்ட்டும் காய்ந்து வெடிக்கும், பேட்டரி சாகும், எலி ஒயரைக் கடிக்கும், பிரேக் சிலிண்டர் இறுகும். டயரில் பட்டன் மீதமிருந்தாலும் வயது போய்விட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. இந்த வண்டிக்குக் குறைந்த கிலோமீட்டருக்கான கூடுதல் விலையைக் கொடுக்கலாம். கூடவே நான்கு டயர், பேட்டரி, எல்லா எண்ணெய்கள், ரப்பர் சாமான்கள் ஆகியவற்றின் செலவைக் கழித்துக்கொண்டு கொடுக்க வேண்டும்.

மறுமுனையில் இருப்பவை டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாறிய வண்டிகள். திருநள்ளாறு சனீஸ்வரர் கோயிலுக்கு ஆண்டு முழுக்க வரும் கூட்டமும், சனிப்பெயர்ச்சிக்கு வரும் பெருங்கூட்டமும் இந்த வட்டாரத்தில் டாக்சித் தொழிலை வளர்த்திருக்கின்றன. ஆண்டுக்கு அறுபதாயிரம், எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி வெள்ளை நம்பர் பிளேட்டோடு வரும்போது பழைய பதிவு விவரத்தைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. மீட்டர் குறைக்கப்பட்டிருக்கலாம், ஆனால் கம்பெனி சர்வீஸ் பதிவேட்டில் ஒவ்வொரு வருகையின் கிலோமீட்டரும் இருக்கும், அதைத் திருத்துவது கடினம். எம்.பரிவாகன் செயலியில் பதிவு நாள், இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் விவரங்களைப் பார்க்கலாம்.

எல்லையோரம் என்பதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். காரைக்கால் மதுவைக் கடத்தும்போது தமிழ்நாட்டுக் காவல்துறை பிடிக்கும் வாகனங்கள் மதுவிலக்குச் சட்டப்படி பறிமுதல் செய்யப்பட்டு ஏலத்துக்கு வருகின்றன. ஏலத்தில் எடுத்த வண்டிக்கு 32-ஆம் படிவத்தின் வழியாகப் பதிவு மாற வேண்டும். மலிவு என்பதற்குக் காரணம் உண்டு: திறந்த வெளியில் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டி. ஏலத்துக்கு முன் பார்வையிட மட்டுமே கிடைக்கும் சொற்ப நேரத்தில் அதன் உண்மை நிலையைக் கணிப்பது தேர்ந்த மெக்கானிக்குக்கே சவால்.

காருக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லாத காரணங்களாலும் மதிப்பு ஒரே நாளில் மாறும். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதமும் கூடுதல் வரியும் என்ற நிலையிலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. மாருதி எஸ்-பிரெஸ்ஸோவின் விலை ரகத்தைப் பொறுத்து 1,29,600 ரூபாய் வரை குறைந்து, தொடக்க விலை 3,49,900 ரூபாய்க்கு வந்தது. முந்தைய நாள் மூன்றேகால் லட்சத்துக்குக் கேட்கப்பட்ட மூன்றாண்டுப் பழைய சிறிய காருக்கு மறுநாள் அந்த விலையை யார் தருவார்? புதிய காரின் இன்றைய விலையே பழைய காரின் கூரை. அதைப் போலவே, 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, மறைமலைநகரில் தயாரான ஈகோஸ்போர்ட் நல்ல வண்டியாகவே இருந்தும் மறுவிலை அடிவாங்கியது. பக்கத்தில் சர்வீஸ் கிடைக்குமா என்ற பயம் சென்னையைவிடக் கடைமடைப் பகுதியில் அதிகம் கடிக்கும்.

வயதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பதினைந்தாம் ஆண்டில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். காருக்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600-லிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. இருபதாண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று. கட்டணத்தோடு எஃப்.சி. என்ற தகுதிச் சோதனைக்கு முன்னான துரு வேலை, பெயின்ட் எல்லாம் சேரும். ஆகவே பதினான்காம் ஆண்டுக் கார் விற்பவர் அந்தச் செலவு விலையிலிருந்து கழியும் என்பதை எதிர்பார்த்தே பேச உட்கார வேண்டும்.

இத்தனையும் தெரிந்த பிறகு எப்படி விலையைக் கண்டுபிடிப்பது? கன்சல்டிங் கடையிலோ ஷோரூம் எக்ஸ்சேஞ்சிலோ சொல்லும் தொகையை அடிவிலையாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அவர்கள் லாபம், ரிப்பேர்ச் செலவு, விற்கும்வரை முடங்கும் பணத்தின் வட்டி எல்லாம் கழிந்திருக்கும்; ஜி.எஸ்.டி. பதிவுள்ள வியாபாரி தன் லாபத்தின் மேல் 18 சதவீதம் வரியும் கட்ட வேண்டும். தனிநபர் தன் சொந்தக் காரை விற்பதற்கு அந்த வரி இல்லை. அடுத்து, அதே ஆண்டு, அதே ரகக் காருக்குப் புதுச்சேரி எண்ணில் ஒரு சில, தமிழ்நாட்டு எண்ணில் ஒரு சில விளம்பர விலைகளைச் சேகரியுங்கள். அவை கேட்கும் விலைகள், முடிந்த விலைகள் அல்ல. ஆகவே முடிந்தவரை அந்த விற்பனைகள் எதில் முடிந்தன என்று விசாரியுங்கள். பிறகு மேலே சொன்ன எல்லைக் கணக்கைப் போடுங்கள். நல்ல வண்டி என்றால் சர்வீஸ் பில்களை ஒரு கோப்பில் அடுக்கி, நீங்களே ஒரு வெளி மெக்கானிக்கிடம் காட்டிக் குறைகளை எழுதி வாங்கி, வாங்க வருபவரிடம் முதலிலேயே கொடுங்கள். அக்கர்லாஃப் சொன்ன சரிவிலிருந்து நல்ல வண்டிக்காரர் தப்ப இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. சம்பா அறுவடைப் பணம் புழங்கும் தை, மாசியில் வாங்க ஆள் கூடுவார்கள். ஆடியில் ஷோரூம்களே தள்ளுபடி தருவதால் பழைய காருக்கு இழுவை குறையும்.

விலை முடிந்து பணம் கைக்கு வந்ததும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் நிறைய. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி விற்றவர் 29-ஆம் படிவத்தில் உள்ளூர் விற்பனை என்றால் 14 நாளுக்குள்ளும், வெளிமாநிலம் என்றால் 45 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள். ‘நவீன் குமார் எதிர் விஜய் குமார்’ வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இதன் கனத்தைக் காட்டும். கார் கைமாறிக் கைமாறிப் போயிருந்தாலும், விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. எல்லை தாண்டிய விற்பனையில் வரிச்செலவுக்குப் பயந்து வாங்கியவர் பெயர் மாற்றாமலே ஓட்டுவது சாதாரணம். ஆகவே அப்பாலுள்ளவருக்கு விற்கும்போது, பெயர் மாற்றம் முடியும்வரை ஒரு தொகையைப் பிடித்துவைத்துக்கொள்வதும் விலையின் ஒரு பகுதியே.

பெயர் மாற்றத்துக்கான 30-ஆம் படிவத்தில் எவ்வளவு தொகைக்கு விற்றோம் என்று எழுத ஓர் இடம் உண்டு. நாடு முழுவதும் போக்குவரத்து அலுவலகங்களில் அந்தத் தொகை எழுதிக் குவிகிறது, யாருக்கும் பயன்படுவதில்லை. நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பு வெளியிடும் அரசு, காருக்கு அதைப்போல ஒன்றை வரி வசூலுக்காக அல்லாமல் மக்கள் பார்வைக்காக வெளியிடலாம். உண்மைத் தொகையை எழுதினால் தொல்லை வருமோ என்று மக்கள் தயங்குவார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஆள் பெயரும் வண்டி எண்ணும் நீக்கி, ரகம், ஆண்டு, மாதம், விலை மட்டும் தந்தால் ஓரிரு ஆண்டில் நம்பிக்கை பிறக்கும். காரைக்காலில் மட்டும் சேரும் எண்ணிக்கை மிகச் சிறியது என்பதால், புதுச்சேரியின் மற்ற அலுவலகங்களோடும் சுற்றியுள்ள மூன்று தமிழ்நாட்டு மாவட்டங்களோடும் சேர்த்துத்தான் அந்தப் பட்டியல் வர வேண்டும். எல்லையின் இருபக்க விலையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சானால், இடைத்தரகர் மட்டும் அறிந்த எழுபதாயிரம் ரூபாய் வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இந்த ஊரில் அதிகம் நட்டப்படுபவர்கள் வேறு யாரோ அல்ல, உரிமையாளர் இறந்துபோன வீட்டுக்காரர்கள்தான். இறப்பை 30 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31-ஆம் படிவத்தில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் விற்க முடியாது. ஒரு பிள்ளை பாரிஸில், இன்னொரு பிள்ளை சென்னையில் என்றிருக்கும் குடும்பத்தில் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், தூதரகத்தில் சான்றளித்த கையெழுத்து என்று மாதங்கள் ஓடும். அதற்குள் வாசலில் நிற்கும் காரின் பேட்டரி இறங்கி, இன்சூரன்ஸ் காலாவதியாகி, பிரேக் இறுகி, முதலில் கேட்டதில் பாதி விலைக்கு வந்துவிடும். 2021 ஏப்ரலில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஆர்.சி.யில் நியமனதாரர் பெயரை உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே சேர்க்கலாம். பிறகு பெயர் மாற்றம் பெருமளவு எளிதாகும். புதிய கார் பதியும்போதும் சேர்க்கலாம், பழைய காருக்குப் பரிவாகன் இணையதளம் வழியாக இப்போதும் சேர்க்கலாம்.